நோன்பு மாதத்தில் ஓர் உண்ணாவிரதம்

உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ காரணங்களுக்காக உண்ணாவிரதம் இருந்திருக்கிறார்கள். ஆனால் நோன்பு மாதத்தில், ஊரே பசித்துக் கிடக்கும்போது, விடியற்கால சுபஹிலிருந்து அந்தி மஃரிப் வரைக்கும் நடுச்சந்தியில் கொட்டகை போட்டு உண்ணாவிரதம் இருந்தவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

நாங்கள் ஐந்து பேர். தலைவர் அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். ஊரே அவரை ‘சேர்’ என்றுதான் கூப்பிடும். இன்னொருவர் மருதமுனையில் கைத்தறிச் சாரன் கடை வைத்திருக்கும் என் கூட்டாளி. மற்ற இருவர் அவருடைய கடைக்கு வந்து போகிறவர்கள். ஐந்தாவது நான். அச்சகத்தில் படி திருத்துவது என் வேலை. நாட்டில் கடதாசி இல்லாமல் போனதால் அச்சகம் உறங்கியது. எனக்கு உறக்கம் வரவில்லை. ஒரு இடத்தில் பத்து நிமிடம் உட்காராத மனிதன் நான். கவிதைகூட நடந்துகொண்டுதான் எழுதுவேன். அப்படிப்பட்ட என்னைப் பதின்மூன்று மணித்தியாலம் பாயில் உட்கார வைத்தது பொருளாதாரச் சீர்திருத்தக் கோரிக்கை.

திகதியைத் தீர்மானித்தது பிறை காண்பதற்கு இரண்டு கிழமைக்கு முன்னால், கூட்டாளியின் கடையில், பிளேன்டீயோடு. மின்சாரம் இல்லை, பெற்றோல் இல்லை, பால்மா இல்லை, உரம் இல்லை. கொழும்பில் சனம் தெருவுக்கு இறங்கிவிட்டது. நாங்கள் மட்டும் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பதா என்று சேர் கேட்டார். கூட்டாளி கலண்டரைப் புரட்டி, அந்தத் திகதிக்கு நோன்பு தொடங்கிவிடும்போல இருக்கிறதே என்று இழுத்தார். போராட்டம் பிறை பார்த்து வராது என்றார் சேர். அந்த வசனத்தின் அழகில் நான் மயங்கிவிட்டேன். அழகான வசனம் ஒன்றைக் கேட்டால் அதில் மூளை இருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்துப் போடுவது என் பழைய நோய்.

துண்டுப் பிரசுரம் எழுதியதும் நான்தான். பதினொரு கோரிக்கைகள். அச்சடிக்கக் கடதாசி இல்லாததால் அச்சகத்தில் மிஞ்சிக் கிடந்த கலியாண அழைப்பிதழ்களின் பின்பக்கத்தில் அடித்தோம். தங்க விளிம்பு, மூலையில் ரோஜாப்பூ. கல்முனைக்குடியில் வீடு வீடாகக் கொடுத்தபோது, கையில் வாங்கியவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது மாப்பிள்ளை எந்த ஊர் என்றுதான்.

அன்றைக்குக் காலை வெயில் சுள்ளென்று ஏறியது. பேனரில் ‘சாகும் வரை’ என்று எழுத ஒருவர் ஆசைப்பட்டார். நோன்பு துறக்கும் வரைதானே என்று கூட்டாளி தடுத்துவிட்டார். சைக்கிள்காரர்கள் போனார்கள். மீன்கூடைகள் போயின. ஒருவரும் நிற்கவில்லை. பத்து மணிபோல மாவடிப்பள்ளிப் பக்கத்து வயல்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, காலை ஊன்றிக்கொண்டு பேனரை எழுத்துக்கூட்டி வாசித்தார். எங்களுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

“நோன்போட விடிய வயலுக்குப் போய்ட்டு இப்பதான் வாறன் சேர்,” என்றார் அவர். “அப்ப நானும் உண்ணாவிரதம்தானே. எனக்கும் ஒரு பேனர் கட்டித் தாங்க, இந்தச் சைக்கிள்ல.”

மற்ற இடங்களில் உண்ணாவிரதக்காரர்கள் தண்ணீர் குடிப்பார்கள், நாங்கள் அதுவும் குடிப்பதில்லை, எங்களுடையது அதைவிடக் கடுமையானது என்று சேர் விளக்கினார். தன்னுடையதும் தண்ணீர் இல்லாததுதான் என்று சொல்லிவிட்டு வயல்காரர் மிதித்துப் போனார். மாலையில் பாங்கு சொன்னதும் பள்ளிவாசலிலிருந்து வாளியில் கஞ்சி வந்தது. பேரீச்சம்பழத்தை வாயில் போட்டோம். காவலுக்கு நின்ற பொலிஸ்காரருக்கும் ஒரு கோப்பை கொடுத்தோம். அவர் கஞ்சியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே, நாளைக்கும் இதே நேரம்தானா என்று கேட்டார்.

வீட்டுக்குப் போனேன். வீடு என்றால் என் மனைவியின் வீடு. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். ஆகவே அங்கே சட்டம் அவளுடையது, அடுப்பும் அவளுடையது. அந்த அடுப்புதான் அப்போது அணைந்து கிடந்தது. அவள் இடியப்பம் அவித்து விற்கிறவள். மற்ற மாதங்களில் இரண்டு கடைக்குக் கொடுப்பாள். நோன்பு மாதத்தில் இருபத்திரண்டு வீடுகளுக்கு, விடியுமுன் உண்ணும் சஹர் சாப்பாட்டுக்கு அவளுடைய இடியப்பம்தான். வருடத்தில் அவள் எழுந்து நிற்பது இந்த ஒரு மாதத்தில். காஸ் முடிந்து இரண்டு கிழமையாகியிருந்தது. விறகில் அவித்துப் பார்த்தாள். தட்டுகள் பாதி வேகாமல், பாதி புகை மணத்தோடு வந்தன. பதினைந்தாம் நோன்புக்குள் சிலிண்டர் எடுத்துவிடுவேன், அதுவரைக்கும் பொறுங்கள், எடுக்காவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள் என்று இருபத்திரண்டு வீட்டுக்கும் சொல்லி வைத்திருந்தாள்.

நான் நோன்பாளி, போராளி, இரண்டு களைப்போடும் சுவரில் சாய்ந்தேன். அவள் கலியாண அட்டையின் பின்பக்கத்தை விளக்குக்குப் பிடித்து மேலிருந்து கீழே வாசித்தாள்.

“இஞ்சாருங்க, இதுல எங்கட சிலிண்டர் எத்தினாவது?”

ஏழாவதுக்குள் இருக்கிறது என்றேன். அவள் ஏழாவதைத் தேடி வாசித்தாள்: ‘எரிசக்தித் துறையின் கட்டமைப்பு மறுசீரமைப்பு.’

“இதப் பத்த வெச்சா தண்ணி கொதிக்குமா?”

நான் அட்டையை வாங்கிப் பதினொரு கோரிக்கையையும் மறுபடி வாசித்தேன். அவள் கோபப்படவுமில்லை. நாளைக்கு நீங்கள் சும்மாதானே இருக்கிறீர்கள், கொட்டகையில் இருப்பதற்குப் பதிலாக என் சிலிண்டருக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள் என்றாள்.

போனேன். காஸ் முகவரின் களஞ்சியத்துக்கு முன்னால் சிலிண்டர்கள் வரிசையாக, ஒரே சங்கிலியில் கோர்த்தபடி வெயிலில் நின்றன. அவற்றின் சொந்தக்காரர்கள் எதிர்ப்பக்கத்து வேப்பமர நிழலில். சிலிண்டர்கள் நீலமும் மஞ்சளுமாக, துருவும் சொட்டையுமாக, கழுத்தில் பெயர் எழுதிய சீலைத்துண்டு கட்டி. அப்படி ஒரு ஊர்வலத்தை நாங்கள் எந்தக் காலத்திலும் கூட்டியதில்லை. எங்கள் சிலிண்டர் ஒன்பதாவதாக நின்றது; மனைவி ஐந்து நாளாகக் காத்துக் காத்து அந்த இடத்துக்குக் கொண்டுவந்திருந்தாள்.

நான் நிழலில் நின்றேன், நடந்தேன், திரும்பி நின்றேன். கேட்டுக்கொண்டே இருந்தேன். பத்தாவது சிலிண்டர் காரைதீவிலிருந்து வந்த ஒரு தமிழ் அக்காவுடையது. பஸ் நிலையத்துக் கடைகளுக்குத் தோசை சுட்டுக் கொடுப்பவள். ஐந்து நாளில் அவளும் என் மனைவியும் கூடப்பிறந்தவர்கள்போல் ஆகியிருந்தார்கள். ஒருத்தி தொழப் போனால் மற்றவள் இரண்டு சிலிண்டருக்கும் காவல். சாய்ந்தமருதுக் கடற்கரையிலிருந்து வந்த தோணிக்காரர் மண்ணெண்ணெயைத் திட்டினார். சைக்கிளில் பேனர் கேட்ட அதே வயல்காரர், என்னைக் கண்டு சிரித்துவிட்டு, உரத்தைத் திட்டினார். ஒவ்வொருவரும் வேறு வேறு பொருளைத் திட்டினாலும் எல்லாருடைய திட்டும் ஒரே இடத்தில் போய் முட்டியது. லொறி வருகிறது, கதவு மூடுகிறது, கொஞ்சப் பேருக்குக் கொடுக்கிறார்கள், முடிந்துவிட்டது என்கிறார்கள். மிச்சம் எங்கே போகிறது, மிச்சம் என்று ஒன்று இருந்ததா என்பதே ஒருவருக்கும் தெரியாது.

“உரமும் இப்பிடித்தான் தம்பி,” என்றார் வயல்காரர். “வந்ததாம், முடிஞ்சதாம். நடுவுல என்ன நடந்த எண்டு எனக்கும் தெரியா, என்ட வயலுக்கும் தெரியா.”

நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு மனைவி என்னை மாற்றி நிற்க வந்தாள். அப்போது பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் யாரோ ஒருவரின் மௌத்து அறிவித்தல் போனது. இன்னாருடைய தகப்பன், இன்னாருடைய மாமனார், இந்த நேரம் நல்லடக்கம். சாவுச் செய்திக்குச் சொல்கிற ‘இன்னாலில்லாஹி’யை எல்லாரும் சொல்லி முடித்தார்கள். முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு அவள் பொதுவாக, யாரையும் பார்க்காமல் சொன்னாள்:

“மௌத்து எண்டா சொல்றாங்க. மாடு காணாமப் போனாலும் சொல்றாங்க. சிலிண்டர் லொறி வந்தா மட்டும் ஏன் ஒருத்தரும் வாய் தொறக்கிறல்ல? எத்தின வந்த எண்டு அதுலயே சொன்னா என்ன?”

மரத்தடி முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது. பிறகு எல்லாரும் ஒன்றாகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் புதிது. எங்கள் கொட்டகையைப் பார்த்துச் சிரித்ததுபோல் இல்லை. இவ்வளவு காலமும் கையில் வைத்துக்கொண்டே தேடிய சாவியைக் கண்டவர்களின் சிரிப்பு.

“எங்கட கோயில்லயும் ஸ்பீக்கர் கிடக்கு,” என்றாள் காரைதீவு அக்கா. “என்ட அண்ணன்தான் அதுக்குப் பொறுப்பு. திருவிழா இல்லாட்டி அது சும்மாதான் கிடக்கு.”

அன்றைக்கே நான் சேரிடம் ஓடினேன். ஓடினேன் என்றால் ஓடியேவிட்டேன். ஒரே ஒரு கோரிக்கை, சேர். ஊருக்கு வருகிற காஸோ, உரமோ, மண்ணெண்ணெயோ, எவ்வளவு வந்தது என்று பங்கிடுவதற்கு முன்னால் எல்லாருக்கும் கேட்கச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். சேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். இது விநியோகப் பிரச்சினை, பொருளாதாரச் சீர்திருத்தம் இல்லை என்றார். வரி, கடன், இறக்குமதிக் கொள்கை, இதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு சிலிண்டருக்காகவா போராடுவது? அவர் சொன்னதிலும் பிழை இல்லை. அவரையே மரத்தடிக்குக் கூட்டிப்போனேன்.

அவர் அங்கேயும் அதையே சொன்னார். கேட்டவர்கள் மரியாதையாகத் தலையாட்டினார்கள். என் மனைவி மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்:

“நாட்டுக்குக் கடன் எடுத்ததும் இப்பிடித்தானே சேர். எங்களுக்குச் சொல்லாமத்தானே எடுத்தாங்க. அங்க கேக்க எங்களுக்குத் தூரம். இஞ்ச கேட்டுப் பழகினா மறுகா அங்கயும் கேப்பம்.”

முப்பது வருடம் ஆசிரியர்களுக்குப் படிப்பித்த மனிதர் சேர். சட்டைப்பையிலிருந்து கலியாண அட்டை ஒன்றை எடுத்து, பதினொன்றுக்கும் மேலே இடம் பார்த்து, பேனையால் ஒரு வரி எழுதினார். மற்றவற்றை வெட்டவில்லை. அவை கீழே இருக்கட்டும், வெட்ட மனம் வரவில்லை என்று என்னிடம் பிறகு சொன்னார்.

ஒலிபெருக்கியைக் கேட்பது லேசாக முடியவில்லை. பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்தவர் நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். பள்ளிக்குள் அரசியல் வரக்கூடாது என்று சேரைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஆண்கள் போன வழி அது. என் மனைவி பின்வாசலால் அவருடைய மனைவியிடம் போனாள். அந்த வீடு இருபத்திரண்டில் ஒன்று. நிர்வாகி பத்து நாளாக சஹருக்கு பேக்கரிப் பாணைத் தேங்காய்ச் சம்பலோடு விழுங்கிக்கொண்டிருந்தார். இடியப்பமும் சொதியும் இல்லாமல் அவருடைய நோன்பே நோஞ்சலாகிவிட்டதாக அவர் மனைவி சொன்னாராம். உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குச் சொல்லப்படவில்லை. அடுத்த நாள், எண்ணிக்கையை மட்டும் சொல்லலாம், அதற்கு மேல் ஒரு சொல்லும் இருக்கக் கூடாது என்று தகவல் வந்தது.

பதின்மூன்றாம் நோன்பன்று லொறி வந்தது. வழக்கம்போலக் கதவு மூடியது. வரிசை சங்கிலியைக் கழற்றி, அவரவர் சிலிண்டரோடு வாசலுக்கு நெருங்கியது. சேர் முன்னால் போய், எத்தனை வந்திருக்கிறது, சொல்லிவிட்டுக் கொடுங்கள் என்று முகவரிடம் கேட்டார். அதை ஏன் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்றார் முகவர். குரல்கள் ஏறின. கொஞ்ச நேரத்தில் முகவர் கதவிடுக்கால் தலையை நீட்டி, நிதானமாக ஒரு பேரம் வைத்தார். முன்னால் நிற்கிற இருபது பேரும் இப்போதே எடுத்துக்கொண்டு போகலாம். ஆனால் இந்தக் கேள்வியை யாரும் கேட்கக் கூடாது. கேட்டால் லொறியைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

எங்கள் சிலிண்டர் ஒன்பதாவது.

நான் மனைவியைப் பார்த்தேன். பதினைந்தாம் நோன்புக்கு இன்னும் இரண்டு நாள். எடுத்துவிடு என்று சொல்ல என் வாய் திறந்தது. உண்மையைச் சொன்னால், சொல்லியும் விட்டேன், மெதுவாக. அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. முதலாவதாக நின்றவர் கதவையும் பின்னால் நின்ற சனத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி தன் சிலிண்டரைத் தரையில் சரித்து, முந்தானையால் தூசியைத் தட்டி, அதன் மேல் உட்கார்ந்தாள். சந்தைக்குப் போய் வந்த களைப்பில் உட்காருகிறவள்போல, அவ்வளவு சாதாரணமாக.

“நான் எழும்ப மாட்டன்,” என்றாள். “தர்ற ஆள் எத்தின எண்டு சொல்லட்டும்.”

பத்தாவதும் உட்கார்ந்தது. பதினொன்று, பன்னிரண்டு. பிறகு முன்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராக. தோணிக்காரர் உட்கார்ந்த வேகத்தில் சிலிண்டர் உருண்டு, அவர் மண்ணில் விழுந்து, எல்லாரும் சிரிக்க, எழும்பி மறுபடி உட்கார்ந்தார். தெரு முழுக்க இரும்பின் மேல் மனிதர்கள். பதின்மூன்று மணித்தியாலம் பாயில் உட்கார்ந்து நாங்கள் சேர்க்காத கூட்டம் அது. நானும் உட்கார இடம் தேடினேன். எங்கள் வீட்டுச் சிலிண்டரில் ஒருவருக்குத்தான் இடம்.

லொறிச் சாரதி சிங்களவர், அம்பாறைப் பக்கம். கதவைத் திறந்து இறங்கி, பார்த்து, தலையைச் சொறிந்தார். அரைத் தமிழில், வெறும் சிலிண்டர்களை ஏற்றாமல் போனால் அடுத்த முறை முகவருக்குக் குறைத்துத்தான் அனுப்புவார்கள் என்று அக்காவிடம் சொன்னார். சொன்னதை நாங்கள் விளங்கிக்கொண்டோமா என்று உறுதி செய்துகொண்டு, ஒன்றும் நடக்காததுபோல் போய் ஏறினார். முகவர் பிடிவாதக்காரர். லொறி திரும்பிப் போய்விட்டது. ஒன்பதாவது சிலிண்டர் வெறுமையாகவே வீட்டுக்கு வந்தது.

பதினைந்தாம் நோன்பு வந்து போனது. இருபத்திரண்டு வீட்டில் ஆறு வீடு வேறு ஆளிடம் போய்விட்டது. அந்த ஆறு பெயரையும் அவள் ஒருநாளும் என்னிடம் சொல்லவில்லை. தெருவில் அவர்களைக் கண்டால் முன்பைவிட அதிகமாகச் சிரித்தாள். நான் எடுத்துவிடு என்று சொன்னதையும் குத்திக் காட்டவில்லை. அதுதான் எனக்கு வலித்தது.

ஆனால் மரத்தடியில் ஆட்கள் கூடிக்கொண்டே போனார்கள். காஸ் தேவைப்படாதவர்களும் வந்தார்கள். மருதமுனையிலிருந்து நெசவுக்காரர்கள் நூல் விலையோடு வந்தார்கள். வயல்காரர் உரத்துக்காகப் பத்துப் பேரைக் கூட்டி வந்தார். காரைதீவிலிருந்து ஒரு சின்ன லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் நிறையப் பெண்கள். கொள்கையைப் பற்றி அவர்கள் பேசவே இல்லை என்று சொல்ல முடியாது; வேறு எதைத்தான் பேசினார்கள்? நூல் ஏன் ஏறியது, டொலர் என்றால் என்ன, யார் வரி கட்டுவதில்லை. சேர் ஒரு மூலையில் இருந்து, கேட்டவர்களுக்கு மட்டும், கேட்ட அளவுக்கு மட்டும் விளக்கினார். பதினொன்றில் ஐந்தாறு அவர்கள் வாயிலிருந்தே வேறு உருவத்தில் வந்துவிட்டன. அவற்றை எழுதும்போது நான் ஒரு உவமைகூடச் சேர்க்கவில்லை. கை துறுதுறுத்ததுதான்.

பதினாறாம் நோன்பு, பிற்பகல் அஸர் தொழுகைக்கு முன்னால், முதலில் தெற்கிலிருந்து கோயில் ஒலிபெருக்கி கரகரத்தது. காற்றில் பாதிதான் கேட்டது. பிறகு எங்கள் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் தொண்டையைச் செருமினார். மௌத்துச் சொல்கிற அதே குரல், அதே இழுப்பு. இன்று காஸ் லொறி வந்திருக்கிறது, நூற்று இருபது சிலிண்டர், வரிசைப்படி கொடுக்கப்படும். சொல்லி முடிந்ததும் பழக்கதோஷத்தில் தெருவில் இரண்டு மூன்று பேர் ‘இன்னாலில்லாஹி’ என்றுவிட்டார்கள். வெறும் சிலிண்டர் ஏறாமல் மறுபடி லொறி திரும்பினால் தன் பங்கு குறையும் என்று பயந்து, முகவரே காலையில் ஆள் விட்டு எண்ணிக்கையைக் கொடுத்து அனுப்பியிருந்தார்.

நூற்று இருபது பேர் எடுத்தார்கள். நூற்று இருபத்தோராவது ஆள் ஒரு வயசாளி. சண்டை பிடிக்காமல், அடுத்த முறை நான்தான் முதல் ஆள் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். ‘முடிந்துவிட்டது’ என்ற சொல்லை ஊர் நம்பியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். விலை குறையவில்லை. வரிசையும் ஒழியவில்லை. நாட்டின் கடன் அப்படியே கிடந்தது. பதினொரு கோரிக்கையும் இன்றைக்கும் பெரும்பாலும் கோரிக்கைதான்.

அன்று பின்னேரம் அடுப்பில் நீலச்சுவாலை எழும்பியது. அவள் மா குழைத்துக்கொண்டிருந்தாள். சேர் வாசலில் வந்து நின்றார். உரத்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் இதே ஏற்பாட்டைக் கேட்டு, அப்படியே நாட்டின் கணக்கு வழக்கையும் வெளியில் சொல்லச் சொல்லி, மாவட்டத்து அதிகாரியிடம் போக வேண்டும். மூன்று ஊர்ப் பெண்களும் வரத் தயார் என்றார். பிறகு, என்னிடம் கேட்க வேண்டியதை என்னைத் தாண்டி உள்ளே பார்த்துக் கேட்டார்: கூட்டத்தை எத்தனை மணிக்கு வைக்கலாம்?

அவள் தட்டை அடுக்கிக்கொண்டே யோசித்தாள்.

“பதினாறு வீட்டுக்கும் குடுத்து முடிச்சி, கொஞ்சம் கண்ணசந்து எழும்பணும் சேர். ஒம்பது மணிக்கு வைங்க. முந்தி வெச்சா நான் வர மாட்டன்.”

சேர் ஒன்பது என்று குறித்துக்கொண்டார்.